ஒரு ஸ்டார் யாருக்குப் போய்ச் சேரும்?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன், பழனிசெட்டிபட்டி. அங்கே எங்க மாமா மளிகைக் கடை வெச்சிருக்கார். ராத்திரி அவர் போன் தானாவே அப்டேட் ஆகியிருக்கு. காலையில பால் பாக்கெட் வாங்க வந்த ஸ்கூல் பையன் ஸ்கேன் பண்ணிட்டுக் கிளம்புறான், மாமா போன்ல சத்தமே இல்ல. "காசு ஏறலையே, ஏமாத்தப் பாக்குறியா?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டார். பையன் பாக்கெட்டை வெச்சுட்டுப் போயிட்டான். கால் மணி நேரம் கழிச்சு மெசேஜ் வந்துச்சு.

மாமா கோபத்துல பேமென்ட் ஆப்புக்கு ஒரு ஸ்டார் போட்டுட்டார். "மாப்ள, என்னன்னு பாரு"ன்னு போனைக் குடுத்தார். பார்த்தா வாட்ஸப்பும் லேட்டாதான் வருது. அப்போ தப்பு ஆப்ல இல்ல. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு புது அப்டேட் பின்னணியில ஓடுற ஆப்பை எல்லாம் தூங்க வெச்சிருக்கு. அந்த ஒரு ஸ்டார், தப்பே பண்ணாதவங்க வீட்டுக்குப் போன மொட்டைக் கடுதாசி மாதிரி.

ஒரு ஆப் மட்டும் சொதப்பினா அந்த ஆப்காரங்ககிட்ட சொல்லணும். பல ஆப் ஒண்ணா சொதப்பினா போன் கம்பெனிகிட்ட. சாம்சங்ல 'சாம்சங் மெம்பர்ஸ்' ஆப், ஐபோனுக்கு ஆப்பிளோட ஃபீட்பேக் பக்கம். 'வேலை செய்யல'ன்னு மட்டும் எழுதினா யாராலும் எதுவும் செய்ய முடியாது. மாடல், பில்டு நம்பர், அப்டேட் ஆன தேதி, என்ன செஞ்சா என்ன ஆகுது, இவ்வளவும் வேணும். கோளாறு நடந்த உடனே அனுப்புங்க. லேட் பண்ணினா போன்ல இருக்கிற பழைய லாக் அழிஞ்சிடும்.

பதிலே வரலையா? 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம். சும்மா சொல்லல. ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்கு அப்புறம் ஐபோன் சரியா ஓடலைன்னு அங்கே புகார்கள் வந்ததால, 2025 ஜனவரியில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கே நோட்டீஸ் அனுப்புச்சு. அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷியே அதை வெளியே சொன்னார். தனியா ஒருத்தர் புலம்பினா அது புலம்பல்தான். ஒரே புகார் நிறைய பேர்கிட்ட இருந்து பதிவானா கணக்குல வரும்.

மாமா போன்ல அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன், ரிப்போர்ட்டும் அனுப்பியாச்சு. ஒரு ஸ்டாரை அவரே அழிச்சார். பையனுக்குன்னு பால் பாக்கெட் காசை எண்ணிக் கல்லாவுல தனியா வெச்சிருக்கார். நான் கிளம்புற வரைக்கும் அவன் கடைப்பக்கம் வரல.