ஆசானைத் தேடி வெளிநாடு போகும் பிள்ளைகள்



ஒரு கலையைக் கற்றுக்கொள்ள வெளிநாடு போவது நல்லதா? இன்றைய அங்கத்தின் கேள்வி இதுதான். கெடாவில் இருப்பவர்களுக்குத் தாய்லாந்து எல்லை சில மணி நேரப் பயணம்தான். முவாய் தாய் கற்க விரும்பும் பாடாங் செராய் இளைஞனுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. இன்னொருவன் களரி கற்கக் கேரளா போக ஆசைப்படுவான். மற்றொருவன் சிலம்பத்திற்காகத் தமிழ்நாடு போக நினைப்பான். ஆசை தப்பில்லை. ஆனால் கற்கப் போவது எப்படி, கற்று வந்தபின் என்ன செய்வது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

இதற்கு ஓர் உண்மைக் கதை உண்டு. பிலிப் ஸரில்லி என்ற அமெரிக்க நாடகக்காரர் 1976ஆம் ஆண்டு கேரளா வந்தார். திருவனந்தபுரத்தில் சி.வி.என். களரி என்று ஒரு களரி இருக்கிறது. 1956இல் தொடங்கப்பட்டது. அங்கே கோவிந்தன்குட்டி நாயர் குருக்களிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். களரியில் முதல் நாளே வாளைக் கையில் கொடுக்க மாட்டார்கள். முதலில் மெய்த்தாரி, அதாவது உடம்பைப் பழக்குவது. அதன்பின் கோல்தாரி, அதில் கம்பு. அதற்கும் பிறகுதான் வாளும் கேடயமும். இந்த வரிசையை யாருக்காகவும் மாற்ற மாட்டார்கள்.

ஸரில்லி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனவர் அல்லர். ஆண்டுக்கணக்கில் அதே ஆசானிடம் திரும்பத் திரும்ப வந்தார். 1988இல் அந்த ஆசான் அவருக்குக் குருவின் இருக்கையான பீடத்தையே கொடுத்தார். பின்னாளில் அவர் வேல்ஸ் நாட்டின் ஒரு கிராமத்தில் களரி அமைத்துக் கற்றுக்கொடுத்தார். 2020இல் காலமானார். அவர் எழுதிய புத்தகங்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. இரண்டு வாரப் பயிற்சி முடித்து, ஒரு சான்றிதழும் நான்கு படங்களும் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

இப்போது நம் ஊருக்கு வருவோம். பாடாங் செராய் சுற்று வட்டாரத்தில் விக்டோரியா, ஹென்ரியட்டா என்று தோட்டங்கள் பல. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. அதன்பின் கங்காணி முறை 1938 வரை ஓடியது. அப்படி வந்த மக்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள் அல்லர். வேறு வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கையில் பெரிதாக எதுவும் கொண்டுவரவில்லை. ஆனால் கால்களில் சிலம்பத்தின் காலடியைக் கொண்டுவந்தார்கள். கோயில் திருவிழாவில் கம்பு சுழன்றது. வெளிநாடு போன தற்காப்புக் கலை என்றால் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்!

கட்டுப்பாடான பயிற்சி இந்த மாநிலத்திற்குப் புதிதல்ல. 1946இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. இளைஞர்கள் அணிவகுத்துப் பயின்றார்கள். கள் குடிக்கு எதிராக நின்றார்கள். 1947இல் கள்ளுக்கடை எதிர்ப்பு போலீசாருடன் மோதலில் போய் முடிந்தது. தோட்டத்துப் பிள்ளை தலை நிமிர்ந்து நிற்க அன்றைய பயிற்சி உதவியது.

இன்றைய நிலைமை என்ன? தோட்டங்கள் சுருங்கின. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பிள்ளைகள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு. மாலை ஆறு மணிக்குத் திடலுக்கு வா என்று ஆசான் கூப்பிட்டால் யாரால் வர முடியும்? கலை மீது வெறுப்பு ஒன்றும் இல்லை, நேரம்தான் இல்லை. இதற்கிடையே வயதான ஆசான் தனியாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் போய்விட்டால் அவர் அறிந்த காலடியும் அவரோடு போய்விடும். விமான டிக்கெட் எடுத்தாலும் அது கிடைக்காது.

மலாய்க்காரர்கள் தங்கள் சீலாட்டை விட்டுவிடவில்லை. 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் மலேசியாவின் சீலாட் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அங்கு நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. ஆகவே இது மதிப்பில்லாத கலை என்று எந்தப் பெற்றோரும் நினைக்க வேண்டியதில்லை.

வெளிநாடு போக விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். புறப்படுவதற்கு முன் மூன்று காரியங்கள் செய்யச் சொல்லுங்கள். முதலாவது, உள்ளூர் ஆசானிடம் போய் சலாம் வரிசையும் அடிப்படைக் காலடியும் கற்றுக்கொள்ளட்டும். இரண்டாவது, அவர் அனுமதியோடு அவருடைய வீச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். அடி எடுத்து வைக்கும்போது அதன் பெயரை அவரே சொல்லும்படி கேட்கட்டும். மூன்றாவது, அங்கே கற்றதை இங்கே பத்துப் பிள்ளைகளுக்காவது சொல்லித்தருவேன் என்று வாக்குக் கொடுக்கட்டும்.

அப்படிப் போகிறவன் தமிழ்நாட்டு ஆசான் முன் வெறுங்கையோடு நிற்க மாட்டான். "ஐயா, எங்கள் ஊரில் இப்படி அடி வைப்போம்" என்று காட்டுவான். தாத்தா விட்டு வந்த ஊரில் பேரன் அந்தக் காலடியைத் திரும்ப வைத்துக் காட்டினால், அதைவிடப் பெரிய சான்றிதழ் எது?

பயணச் சீட்டு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். ஆசான் அப்படியல்லர். இந்த வாரக் கடைசியிலேயே அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.