கடற்கரைக் கோயிலில் வெயில் கரண்ட்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



எங்க குழுவில் பன்னிரண்டு பேர் மாமல்லபுரம் போய் வந்தோம். அங்குள்ள கடற்கரைக் கோயில் ராஜசிம்ம பல்லவன் காலத்தது, சுமார் 1,300 வருஷப் பழசு. 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டச் சட்டம் விடாது. கோயில் கல்லில் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்கே 2024-ல் சூரிய மின்சாரம் வந்துடுச்சு. 10 கிலோவாட் வீதம் மூன்று அமைப்புகள். விளக்கெல்லாம் அதில்தான் எரியுது. மிஞ்சுற கரண்ட் மின்வாரியக் கம்பிக்குப் போகும், பில்லில் கழிச்சுக்குவாங்க. கடலோரம் பாருங்க, உப்பும் மணலும் பேனல் மேல படியும். அடிக்கடி துடைக்கணும். துடைக்கிற வேலை நமக்குப் புதுசா என்ன!

ஆனா எங்களை நிற்க வைத்தது விளக்கு இல்ல, வண்டி. முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் ஏற்றிப்போக பேட்டரி வண்டிகள். ஓட்டுறவங்க பக்கத்து ஊர் ஏழைக் குடும்பத்துப் பெண்கள். முறை வைத்து ஓட்டுறாங்க.

போன வருஷம் டிரைவிங் கத்துக்கக் கடன் கேட்ட ரெண்டு பேரை, "பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்"னு திருப்பி அனுப்பினோமே, ஞாபகம் இருக்கா? அந்தத் தீர்மானத்தில் நாங்களும் கையெழுத்துப் போட்டவங்கதான். திரும்பி வந்த பஸ்ஸில் வேற பேச்சே இல்ல. அந்த மனு இன்னும் தீர்மான நோட்டுக்குள்ளேயே இருக்கு. இன்றைக்கே அதை மறுபடி எடுக்கணும்னு கேட்டுக்கிறோம்.