எலி சமைத்த விருந்து



அடுக்களையில் எலியைக் கண்டால் பொறி வைப்போம். அந்த எலியே அடுப்பின் முன் நின்று சமைக்க விரும்பினால்? இவ்வினாவையே கதையாக்கிய படம் ‘ரட்டட்டூயி’. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் உருவாக்கிய இந்த அசைவூட்டச் சித்திரத்தை இயக்கியவர் பிராட் பேர்டு. 2008-இல் இது ஆஸ்கார் பரிசும் பெற்றது. விடுமுறைக்குப் பவானி வந்த என் பெயர்த்தி வற்புறுத்தியதால் யானும் கண்டேன்.

ரெமி என்னும் எலிக்கு மோப்பத்திறன் மிகுதி. உணவில் நஞ்சு உண்டா என்றறியவே அதன் கூட்டத்தார் அத்திறனைப் பயன்படுத்தினர். ரெமியோ சமையற்கலையை விரும்பிற்று. பாரிஸ் நகர உணவகம் ஒன்றில், லிங்குவினி என்னும் எடுபிடி இளைஞனின் தொப்பிக்குள் மறைந்து, அவன் தலைமயிரை இழுத்து, அவன் கைகளைக் கொண்டே சமைத்தது.

உணவை ஆராய்ந்து எழுதும் ஆன்டன் ஈகோ என்பவர் அங்கு வந்தார். குறை கூறுவதில் பேர்பெற்றவர் அவர். ரெமி அவருக்குப் படைத்தது, கத்தரிக்காய், தக்காளி முதலியவற்றால் பிரெஞ்சு நாட்டுத் தென்பகுதி வீடுகளில் ஆக்கும் எளிய கறி. அக்கறியின் பெயரே படத்தின் பெயர். நம் கொங்குநாட்டுக் கத்தரிக்காய்க் கடைசலுக்கு அதனை உறவு எனலாம். ஒரு வாய் உண்டதும் இளமையில் அன்னை இட்ட உணவு அவர் நினைவில் எழுந்தது; எழுதுகோல் கையினின்று நழுவியது.

நமக்கும் இது புதிதன்று. நளன் உருமாறி வாகுகன் என்னும் பெயருடன் மடைத்தொழில் செய்தபோது, அவன் சமைத்ததைச் சுவைத்தே தமயந்தி ஐயம் நீங்கலானாள் அன்றோ?

சமைத்தது எலி என்றறிந்த பின்னும் ஈகோ மனமாரப் புகழ்ந்தே எழுதினார். பின்னர் எலிகள் இருந்தமையால் உணவகம் மூடப்பட்டது. அவர் தம் பதவியை இழந்தார். ஆயினும் வருந்தவில்லை.

அக்காட்சியில் என் தலை கவிழ்ந்தது. ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன், ‘நான் விரும்பும் தொழில்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். கல்யாண விருந்துக்குச் சமைப்பவனாவேன் என்று ஒரு மாணவன் எழுதினான். பருப்பு வேகும்போது தீயை எப்போது தணிப்பது என்பதுவரை விரித்திருந்தான். “கரண்டி பிடிக்கவா பள்ளிக்கு வந்தாய்?” என்றேன். வகுப்பே நகைத்தது. மறுநாள், மருத்துவராவேன் என்று வேறு கட்டுரை நீட்டினான். பிழையின்றி இருந்தது, உயிரின்றியும் இருந்தது. நல்ல மதிப்பெண் இட்டேன்.

எல்லாரும் பெருங்கலைஞராவதில்லை. ஆனால் பெருங்கலைஞர் எவ்விடத்தினின்றும் தோன்றலாம். எனவே, பிறர் விருப்பத்தைக் கேட்டு நகைக்குமுன், அவர் செய்ததை ஒருமுறை சுவைத்துப் பாருங்கள். “தம்பி, நீ என்ன சமைப்பாய்?” என்று அன்று யான் கேட்டிருக்க வேண்டும்; கேட்கத் தவறினேன்.