தூத்துக்குடிக் கடைவீதியின் தேய்வும் தளிர்ப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

'துறை' என்னும் சொல் புலவர்க்கு நன்கு பழகிய சொல். நீரில் இறங்கும் இடமும் துறை. கலம் வந்து தங்கும் இடமும் துறை. கல்வியின் பிரிவும் துறை. அகப்பாட்டின் அடியில் உரைகாரர் குறித்து வைப்பதும் துறை. இத்தனை பொருள் தாங்கிய சொல்லுக்கு அருகே எளிமையாக நிற்கும் மற்றொரு சொல் 'அங்காடி'. துறையில் வந்திறங்கும் பொருள் விலைபோகும் இடம் அங்காடி. துறைக்கு அங்காடியும் அங்காடிக்குத் துறையும் துணை. ஒன்று இடம் பெயர்ந்தால் மற்றது என்னாகும் என்பதே முத்துக்குளித்துறைக் கடற்கரையின் ஈராயிரம் ஆண்டுக் கேள்வி. இன்று தூத்துக்குடிக் கடைவீதி அக்கேள்விக்கு விடை சொல்லும் நிலையில் நிற்கிறது.

இக்கரையின் முதல் விடை கொற்கை. பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய அவ்வூரைச் சங்கச் செய்யுட்கள் முத்தோடும் சங்கோடும் இணைத்துப் பேசுகின்றன. கிரேக்கக் கடலோடிகளின் குறிப்புகளும் தாலமியின் நிலநூலும் அவ்வூரை அறிந்திருந்தன. தாமிரபரணி ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியது. இன்று கொற்கை கடற்கரையிலிருந்து உள்ளடங்கி, வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. 1968-69இலும் பின்னர் 2021இலும் அங்கே அகழாய்வுகள் நடந்தன. கொற்கைக்குப் பின் எழுந்தது காயல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்துரைத்த அத்துறையும் அதே வண்டலுக்கு இரையாயிற்று. பழையகாயல் என்னும் பெயரே அதற்குச் சான்று. ஆற்றின் முகத்தில் அமைந்த புன்னைக்காயலில் 1586ஆம் ஆண்டில் தமிழ் நூல் அச்சேறியது என்பது இலக்கிய அன்பர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயினும் வணிகத்தின் மையம் அங்கும் நிலைக்கவில்லை.

இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கொற்கையின் முத்தைப் பாடிய அளவுக்கு அதன் கடைத்தெருவை எவரும் பாடிவைக்கவில்லை. புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் யார் எதை விற்றனர் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. மதுரையின் நாளங்காடியும் அல்லங்காடியும் மதுரைக்காஞ்சியில் கண்முன் நிற்கின்றன. கொற்கைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஆகவே துறை தூர்ந்தபோது அங்காடி மண்ணிலிருந்து மட்டுமன்றி நினைவிலிருந்தும் மறைந்தது. முத்து எஞ்சியது, முத்தை எடைபோட்டவனும், அவனிடம் கடன் சொல்லி அரிசி வாங்கிய குளியாளியின் மனைவியும் எஞ்சவில்லை.

தூத்துக்குடி இவ்வரிசையில் பிந்தி எழுந்த துறை. போர்த்துக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர், இறுதியாக ஆங்கிலேயர் என மூவர் கையிலும் இருந்த ஊர் இது. பனிமய மாதா கோயில் கடற்கரைச் சாலையில் எழுந்தது டச்சுக்காரர் காலமாகிய 1713ஆம் ஆண்டில். ஆயினும் இன்று காணும் கடைவீதியைப் பெரிதாக்கியது பருத்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காது போயிற்று. அந்த ஆலைகளின் பசி எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பகுதிகளின் கரிசல் காட்டை எட்டியது. திருநெல்வேலிப் பருத்தி என்று உலகச் சந்தையில் பெயர்பெற்ற பஞ்சு தூத்துக்குடிக் கிட்டங்கிகளுக்கு வந்து, பொதியாக அழுத்தப்பெற்றுக் கப்பலேறியது. 1866இல் நகராட்சி அமைந்தது. 1876இல் இருப்புப்பாதை வந்தது. கடற்கரைப் பக்கமிருந்து மேற்கே நீண்ட தெரு 'கிரேட் காட்டன் ரோடு' என்றே பெயர்பெற்றது. ஒரு விளைபொருளின் பெயரையே தன் முதன்மைத் தெருவுக்குச் சூட்டிக்கொண்ட ஊர்கள் அரிது.

அந்நாளைய துறைமுகத்தின் இயல்பும் இத்தெருவின் வாழ்வுக்குக் காரணமாயிற்று. கரையோரக் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கையும் ஆட்களையும் ஏற்றி இறக்கின. தோணி ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டல், அவனுக்குக் கீழே ஆட்கள். கரையில் சுமைதூக்குவோர், வண்டிக்காரர், கயிறும் பாயும் விற்போர், கணக்குப்பிள்ளைகள், சோற்றுக்கடைக்காரர். கடலின் ஆழக்குறைவு கப்பல்காரனுக்கு இடையூறு; கடைவீதிக்கோ அதுவே வருவாய். ஒரு பொதி பஞ்சு பல கைகள் மாறிக் கப்பலேறியது. மாறிய ஒவ்வொரு கையும் மாலையில் கடைத்தெருவில் காசைச் செலவிட்டது.

கடைவீதி வெறும் வாணிப இடமாக இருந்ததில்லை என்பதற்கு 1906 முதல் 1908 வரையிலான நிகழ்ச்சிகள் சான்று. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆக மூலதனம் பத்து இலட்சம் என்பது திட்டம். கப்பலை மட்டும் அவர் எண்ணவில்லை. நெசவுச்சாலையும் பண்டகசாலையும் அவர் முயற்சியில் அடங்கின. கடலில் சுதேசிக் கலமும் கரையில் சுதேசிக் கடையும் சேர்ந்தே நிற்க வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது ஊரே அவர்கள் பக்கம் நின்றது. எதிர்த்தரப்பை ஆதரித்தோருக்கு நாவிதரும் சலவைத் தொழிலாளரும் வேலை செய்ய மறுத்தனர். சில நாட்களில் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. தெரு ஒன்றுபட்டு நின்றால் அதற்கு எத்துணை வலிமை உண்டு என்பதைத் தமிழகம் அன்று கண்டது. மார்ச்சு மாதம் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911இல் சங்கமும் கலைக்கப்பட்டது. எனினும் அத்தெருக்களின் நினைவில் அவர் கலையவில்லை.

தெருவைத் தழைக்கச்செய்த மற்றொன்று தண்ணீர். உப்பு விளையும் மண்ணில் குடிநீர் அரிதாயிருந்தது. நகராட்சித் தலைவராகப் பலமுறை பணியாற்றிய குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரை ஊருக்குக் கொணர்ந்தார். கொற்கையையும் காயலையும் வண்டலால் மூடிய அதே ஆறு, தூத்துக்குடிக்குக் குடிநீராக வந்து வாழ்வளித்தது. கட்டடங்களை அழகுபடுத்துவதைக் காட்டிலும் இத்தகைய செயலே ஓர் ஊரின் உண்மையான புத்துயிர்ப்பு.

தேய்வு ஒரே நாளில் வந்ததன்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுக் கொழும்பு செல்லும் 'போட் மெயில்' தனுஷ்கோடிக்குத் திரும்பியது. தூத்துக்குடிக் கடைகளில் கடைசி நேரப் பொருள் வாங்கிய இலங்கைப் பயணியர் கூட்டம் குறைந்தது. முத்துக்குளிப்பும் கைவிட்டது. 1955இல் மீண்டும் தொடங்கிய அரசின் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. பார்களில் சிப்பி வளம் குன்றியதால் அதன்பின் அத்தகைய குளிப்பு நடைபெறவில்லை. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் முத்தைச் செயற்கை முறையில் விளைவித்துக் காட்டினர். அறிவியலுக்கு அது வெற்றி. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கூடிக் குளித்து, சிப்பி ஏலம் கேட்டு, கூடாரமடித்துக் கடை போட்ட அந்தத் திருவிழாவை ஆய்வுக்கூடத்தால் மீட்டுத்தர இயலாது.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 1974 ஜூலை 11ஆம் நாள் நிகழ்ந்தது. நகருக்குத் தென்கிழக்கே கடலுக்குள் நெடுந்தொலைவு அலைதாங்கிச் சுவர்கள் எழுப்பி அமைந்த புதிய துறைமுகம் அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. ஆழக்கடல் துறைமுகம் வேண்டும் என்பது அவ்வூரார் நெடுநாள் போராடிப் பெற்ற உரிமை. அதன் நன்மையை மறுப்பார் எவருமிலர். பழைய துறைமுகம் 1979இல் அதனுடன் இணைக்கப்பட்டது. உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் தெற்கே எழுந்தன. பின்னர்க் கொள்கலன்கள் வந்தன. பொருள் எங்கோ பெட்டிக்குள் பூட்டப்பட்டு, லாரியில் வந்து, பாரந்தூக்கியால் ஏற்றப்பட்டுக் கப்பலில் போகிறது. நடுவே கை மாறுவதில்லை. கை மாறாத சரக்கு கடைத்தெருவைக் கடந்து போகாது. 2011இல் துறைமுகம் வ.உ.சி.யின் பெயர் பெற்றது. அதே ஆண்டு ஜூன் மாதம் கொழும்புக்குப் பயணியர் கப்பல் மீண்டும் விடப்பட்டது; சில மாதங்களிலேயே அது நின்றும் போயிற்று.

ஆயினும் கொற்கையைப் போல் தூத்துக்குடிக் கடைவீதி மண்ணாகவில்லை. கிரேட் காட்டன் ரோட்டில் பருத்தி வணிகம் பழைய நிலையில் இல்லை. துணியும் நகையும் பாத்திரமும் மருந்தும் விற்பனையாகின்றன. சுற்றுவட்டக் கிராமத்தார் திருமணத்துக்குச் சீர் வாங்க இன்னும் இங்கு வருகின்றனர். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் கலந்த மக்ரூனைப் பொட்டலம் கட்டாமல் வெளியூர் விருந்தினர் ஊர் திரும்புவதில்லை. ஆகஸ்டு 5ஆம் நாள் பனிமய மாதா திருவிழாவுக்குக் கூடும் மக்கள் வெள்ளம் சமயம் கடந்தது. பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்கின்றன. பாய்மரம் போய் இயந்திரம் வந்தது. தண்டலின் கடலறிவு போகவில்லை. துறை விலகிய பின்னும் தெரு நிற்பது இத்தகைய மனித உறவுகளால்தான்.

2017ஆம் ஆண்டில் தூத்துக்குடி சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பெற்றது. பழைய பேருந்து நிலையம் புதிதாயிற்று. சாலைகளும் வடிகால்களும் பூங்காக்களும் புதுக்கப்பட்டன. இவற்றின் மதிப்பைக் குறைத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழை ஒரு பாடம் கற்பித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி நகரத்தின் பல பகுதிகளில் நாட்கணக்கில் நீர் வடியவில்லை. சாலையின் மேற்பரப்பைப் பளபளப்பாக்குவது எளிது. நீர் கடலுக்குப் போகும் வழியை அறிந்து காப்பது கடினம். அந்த வழியைப் பழைய தெருக்களில் கடை வைத்திருக்கும் முதியோர் அறிவர். அவர்களைக் கேட்டுச் செய்யப்பெறும் புதுப்பித்தலே நிலைக்கும்.

உலகின் பிற துறைமுகங்களும் இவ்வழியே வந்தவை. இங்கிலாந்தின் இலிவர்பூலில் 1846இல் திறக்கப்பெற்ற ஆல்பர்ட் கப்பல்துறை, பெருங்கலங்களுக்குப் போதாமையால் 1972இல் மூடப்பட்டது. 1988இல் அருங்காட்சியகமும் கடைகளுமாக மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடங்கள் பிழைத்தன, பார்வையாளர் குவிந்தனர், துறைமுகத் தொழிலாளரின் வாழ்வு அங்கே திரும்பவில்லை. 2004இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற அந்நகரின் கடல்வணிகப் பகுதி, கரையோரத்தில் எழுந்த புதிய கட்டுமானங்கள் காரணமாக 2021இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பழமையைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதும் போதாது. புதுமைக்காகப் பழமையை விழுங்குவதும் தகாது என்னும் இரு பாடங்களும் அந்த ஒரே ஊரில் கிடைக்கின்றன.

ஆகவே தூத்துக்குடிக் கடைவீதியின் புத்துயிர்ப்பை அளக்க வேறு அளவுகோல் வேண்டும். பழைய கிட்டங்கி இடிபடாமல் பயன்பாட்டுக்கு வந்ததா? தோணித்துறைக்கும் தெருவுக்கும் நடுவே ஆட்கள் நடமாட்டம் கூடியதா? உப்பளத் தொழிலாளியும் சங்கு குளிப்பவரும் மீன் விற்கும் பெண்களும் அத்தெருவில் தங்கள் ஊதியத்துக்கு ஏற்ற பொருளையும் உட்கார நிழலையும் பெறுகின்றனரா? வாடகை உயர்ந்து, சிறு வணிகர் வெளியேறிய பின் மின்னும் தெரு, புத்துயிர் பெற்ற தெரு ஆகாது. அது வேறொருவர் குடியேறிய வீடு.

இதில் இலக்கிய வட்டத்தார்க்கு என்ன பணி என்று கேட்கலாம். சாலை போடுவது மாநகராட்சியின் வேலை. பெயர்களைக் காப்பது எழுதுவோர் வேலை. தூத்துக்குடியின் தோணி வணிகத்தையும் அதில் உழன்ற குடும்பங்களையும் ஜோ டி குரூஸ் தம் 'கொற்கை' நாவலில் விரித்துரைத்தார். 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அந்நூலுக்குக் கிடைத்தது. பழைய கொற்கைக்குக் கிடைக்காத பதிவு, அதன் பெயரைத் தாங்கிய நூலின் வழியே தூத்துக்குடிக்குக் கிடைத்தது. ஆனால் ஒரு நாவல் ஒரு கரைக்குப் போதாது. பார்களின் பெயர்கள், தோணியின் உறுப்புப் பெயர்கள், காற்றுகளின் பெயர்கள், உப்பள வேலைகளின் பெயர்கள், கடைவீதியின் அளவைச் சொற்கள் ஆகியவை அவற்றைப் பேசும் முதியோருடன் ஒவ்வொரு நாளும் குறைந்துவருகின்றன. அகராதியில் ஏறாத சொல்லைக் கவிதையில் ஏற்றிவைக்கலாம். கவிதையிலும் ஏறாத சொல்லுக்கு வேறு புகலிடம் இல்லை.

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை பேசிவரும் இவ்வட்டம், அடுத்த பத்தாண்டில் மாதம் ஒருமுறையேனும் தன் கூட்டத்தைப் பழைய துறைமுகத்தின் அருகிலோ கடைவீதியின் ஒரு திண்ணையிலோ நடத்தலாம். தண்டல் ஒருவரும் அளத்தொழிலாளி ஒருவரும் முதலில் பேசட்டும். கவிஞர்கள் பின்னர்ப் பேசட்டும். கொற்கையின் முத்தைப் பாடிய புலவர் விட்டுச்சென்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது. முத்தை எடைபோட்ட கையையும், பஞ்சுப் பொதி சுமந்த தோளையும், கடன் சொல்லி அரிசி வாங்கிய குரலையும் பாடும் கவிஞர் இவ்வட்டத்திலிருந்தே எழவேண்டும்.