ஆய்வேடும் அடுக்களைத் தமிழும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷன் படிப்போடு இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன் யான். என் மகள் ஆங்கிலத்தில் தேறவேண்டுமென்று வீட்டில் தமிழ்ப் பேச்சைக் குறைத்தவனும் யானே. இவ்வாண்டு பட்டப்படிப்புக்குரிய ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்த அவள், நூல்களிற் கண்ட சொற்றொடர்களையே மாற்றி மாற்றி அடுக்கிவிட்டுக் கலங்கி நின்றாள்.

“அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்” என்றேன். அடுக்களையில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். தாயோ, “அது ஏன் அப்படி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விடை வராத இடமே தனக்கு விளங்காத இடம் என்பதை மகள் உணர்ந்தாள். குறை ஆங்கிலத்தில் மட்டுமன்று, கருத்திலும் இருந்தது.

சென்னைத் துறைமுகத்தில் 1912இல் எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜன், 1916இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றது ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக்காகவே. அதன் பொருள் யாது? 12ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய 6 எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் இத்தனை இல்லை. இத்தகைய எண்களின் இயல்பே அவ்வாய்வு. அதன் தொடக்கத்தைத் தமிழில் நம் சிறுவர்க்கும் சொல்லலாமன்றோ?

அன்பர்களே, பிறமொழியில் எழுதுவோம். அதற்குமுன் வீட்டுமொழியில் விளங்கிக்கொள்வோம். யான் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருக்க வேண்டுகிறேன்.