எரிபொருளின் பொறுமை

விலை கூடிய பெட்ரோலில் வலிமையும் கூடியிருக்கும் என்பது பலருடைய எண்ணம். அது சரிதானா என்று இன்று ஆராய்வோம். இதற்கு நான் எடுத்துக்கொண்ட வாகனம் நம் சாலைகளில் ஓடுவதன்று. கனடா போன்ற குளிர்நாடுகளில் உறைபனியின்மீது ஓடுவது. அதனை ஸ்னோமொபைல் என்பர். நாம் பனி ஊர்தி எனலாம். முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்புறம் சுழன்று உந்தித் தள்ளும் ரப்பர்ப் பட்டை, இடையே ஓர் எஞ்சின். இவ்வளவே அதன் அமைப்பு.

அஃது ஒரு விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ணிவிடலாகாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்னும் ஊரில் 1907ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியர். இளமையிலிருந்தே பனிமீது செல்லும் வண்டியை உருவாக்க முயன்றுவந்தார். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் கடும் வயிற்று நோயுற்றான். சாலைகளெல்லாம் பனியால் அடைபட்டிருந்தமையால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. மனம் தளராத அத்தந்தை தம் முயற்சியைத் தொடர்ந்து, 1937இல் அதற்கான காப்புரிமையைப் பெற்றார். 1959இல் ஸ்கி-டூ என்னும் சிறிய ஊர்தியையும் வெளியிட்டார். வேறு வழியில்லாத இடத்தில் வழியாக அமைவது இவ்வூர்தி. அது நடுவழியில் நின்றுபோனால், ஏறிச் சென்றவர் பூச்சியத்துக்கு மிகக் கீழான குளிரில், ஆளரவமற்ற மலையில் தனித்து நிற்க நேரிடும்.

மேற்குக் கனடாவின் மலைப்பகுதியில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் டர்போசார்ஜர் பொருத்திய பனி ஊர்தியொன்றை வாங்கியிருக்கிறார். அந்நாட்டுப் பெட்ரோல் நிலையங்களில் 87, 89, 91 என எண்களிட்டு விற்கிறார்கள். 91 வேண்டும் என்கிறது ஊர்தியின் கையேடு. “மலைமேல் காற்று மெலிந்தது, அங்கே 87 போதும்” என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்டு எழுதியிருந்தார்.

முதலில் அவ்வெண்ணின் பொருளை அறிவோம். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் நெருக்குகிறது. தக்க நேரத்தில் மின்பொறி தோன்றித் தீமூட்ட, சுடர் ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைத் தள்ள வேண்டும். ஆனால் வெப்பமும் அழுத்தமும் மிகுந்தால், சுடர் வந்து சேருமுன்னரே எஞ்சியுள்ள கலவை தானே வெடித்துவிடும். சுத்தியலால் தட்டினாற்போன்ற ஓசை உண்டாகும். இதனைத் தட்டல் என்பர். இது நீடித்தால் பிஸ்டன் உருகி ஓட்டை விழவும் கூடும்.

அவ்வாறு அவசரப்படாமல் சுடருக்காகக் காத்திருக்கும் தன்மையைத்தான் ஆக்டேன் எண் அளக்கிறது. கிரஹாம் எட்கர் என்னும் அமெரிக்க வேதியியல் அறிஞர் 1926இல் இவ்வளவுகோலுக்கு வழிகாட்டினார். தட்டலை நன்கு தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100. எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0. 91 பங்கு முன்னதும் 9 பங்கு பின்னதும் கலந்த கலவையைப்போல் நடந்துகொள்ளும் பெட்ரோலுக்கு எண் 91. ஆகவே அவ்வெண் பெட்ரோலின் வலிமையைக் காட்டுவதன்று, பொறுமையைக் காட்டுவது.

இங்கே ஒரு குறிப்பு. கனடாவில் இருவகைச் சோதனைகளின் சராசரியை எண்ணாக எழுதுகிறார்கள். நம் நாட்டில் ஆராய்ச்சி முறை எனப்படும் ஒரு சோதனையின் எண்ணை மட்டும் எழுதுகிறோம். அவர்களுடைய 91 நம் கணக்கில் ஏறத்தாழ 95 ஆகும். எண்களை ஒப்பிடுவோர் இதனை மறத்தலாகாது.

இனி டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பியூகி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. வீணாக வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சக்கரத்தோடு இணைந்த மற்றொன்று வெளிக்காற்றை நெருக்கிச் சிலிண்டருக்குள் செலுத்துகிறது. மிகுந்த காற்றுக்கு மிகுந்த பெட்ரோல். அதனால் மிகுந்த ஆற்றல். ஆனால் காற்றை நெருக்கினால் அது சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்த சிறுவரும் இதை அறிவர். ஏற்கெனவே நெருக்குண்ட காற்றைப் பிஸ்டன் மீண்டும் நெருக்குகிறது. ஆதலால் இவ்வகை எஞ்சினில் எரிபொருளுக்குப் பொறுமை மிகுதியும் வேண்டும்.

நண்பர்கள் கூறியது முழுப் பொய்யன்று. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம், கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. டர்போசார்ஜர் இல்லாத எஞ்சின் அங்கே குறைந்த காற்றையே உட்கொள்ளும், அழுத்தம் குறையும், தட்டலும் குறையும். அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் 85 எண்ணுள்ள பெட்ரோல் விற்கப்படுவதும் இந்தக் காரணத்தாலேயே. ஆனால் டர்போசார்ஜரின் வேலையே அக்குறையை நிரப்புவதன்றோ? மலைமீதும் அது காற்றைத் திணித்து, எஞ்சினுக்குத் தாழ்நிலத்தில் கிடைப்பது போன்ற அழுத்தத்தைத் தருகிறது. எனவே பழைய எஞ்சினுக்குப் பொருந்திய விதி புதிய எஞ்சினுக்குப் பொருந்தாது. கையேடு சொல்வதே சரி என்று விடை எழுதினேன்.

இக்கால எஞ்சின்கள் பலவற்றில் தட்டலை உணரும் கருவி உண்டு. அது மின்பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காக்கும். அப்போது ஆற்றல் குறையும். வேறு வழியின்றிக் குறைந்த எண் பெட்ரோலை ஊற்ற நேர்ந்து, கையேடும் அதற்கு இடங்கொடுக்குமானால், மெதுவாக ஓட்டி ஊர் திரும்பலாம். செங்குத்தான மலையில் முழுவேகத்தில் ஏறுதல் கூடாது. மேலும், டர்போசார்ஜரின் அழுத்தத்தைத் தாமாகவே கூட்டிக்கொள்வோர், கையேட்டின் எண்ணும் தமக்கு இனிப் போதாது என்று உணர வேண்டும்.

கேட்டதற்கு மேலும் உயர்ந்த எண் நன்மை தருமா? 91 போதுமென அமைத்த எஞ்சினில் மேலும் விலையுயர்ந்த பெட்ரோலை ஊற்றினால் பொதுவாகப் பணம் செலவாகுமேயன்றி வேகம் கூடாது. சிலர் விமானப் பெட்ரோலைக் கலப்பர். 100 எண்ணுடைய விமானப் பெட்ரோல் பலவற்றில் ஈயம் உண்டு. அது மனிதர்க்கு நஞ்சு. எஞ்சினின் உணர்கருவிகளுக்கும் கேடு. உலகச் சாலைகளிலிருந்து ஈயப் பெட்ரோல் 2021இல்தான் முற்றும் நீங்கியது.

எத்தனால் கலந்த பெட்ரோலிலும் கவனம் தேவை. எத்தனால் தட்டலை நன்கு தாங்கும், ஆயினும் அதில் வெப்பம் குறைவு, ஈரத்தையும் ஈர்க்கும். நெடுநாள் தொட்டியில் கிடந்தால் நீர் பிரிந்து அடியில் தங்கிக் குளிரில் உறையக்கூடும். ஆகவே கையேடு அனுமதிக்கும் அளவைக் கடத்தலாகாது. கோடையில் மிஞ்சிய பெட்ரோலையும் பனிக்காலத்திற்குப் பயன்படுத்தலாகாது. குளிர்காலத்திற்கென ஆக்கிய பெட்ரோலே கடுங்குளிரில் எளிதில் ஆவியாகி எஞ்சினைக் கிளப்பும். விற்பனை மிகுந்த நிலையத்தில் புதிதாக வாங்குவதே நலம்.

நம் ஊர்களிலும் டர்போசார்ஜர் பொருத்திய கார்கள் பெருகிவிட்டன. பனி நமக்கில்லை, தட்டல் நமக்கும் உண்டு. எந்தப் பெட்ரோல் உயர்ந்தது என்று கேட்பதைவிட, நம் எஞ்சின் எதைக் கேட்கிறது என்று அறிவதே அறிவுடைமை. அதற்கு விடை கடைக்காரரிடமோ, பக்கத்து வீட்டாரிடமோ இல்லை. வாங்கிய அன்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கையேட்டில் இருக்கிறது.