எழுத்தாணி கொண்ட கமரா



இலக்கணத்திலே இடைச்சொல் என்றொரு வகை உண்டு. பெயரையும் வினையையும் போல அது தனித்து நின்று பொருள் தராது. ஆயினும் அது இல்லையேல் வாக்கியம் குலைந்துபோகும். பழைய மடிப்புக் கமரா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த இடைச்சொற்களின் நினைவே எனக்கு வருகின்றது. முன்னேயுள்ள வில்லையையும், விரிந்து மடியும் துருத்தியையும் எவரும் இனங்கண்டு கொள்வர். அவற்றைச் சுற்றியுள்ள சிறு உறுப்புகளே பார்ப்பவரைத் திகைக்க வைப்பன.

பின்புறத்திலுள்ள சிவப்புக் கண்ணாடிச் சாளரத்தை எடுத்துக்கொள்வோம். பிலிம் சுருளின் பின்னே செல்லும் காகிதத்தில் அச்சிட்ட இலக்கங்கள் அதனூடாகத் தெரியும். ஒரு படம் எடுத்ததும், அடுத்த இலக்கம் வரும்வரை சுருளைச் சுற்ற வேண்டும். கண்ணாடி ஏன் சிவப்பு? அக்காலப் பிலிம்களிற் பல சிவப்பொளியை உணரமாட்டா. எல்லா நிறங்களையும் உணரும் பிலிம்கள் பரவியபின், அச்சாளரத்துக்கு நகரும் மூடி ஒன்றும் வந்து சேர்ந்தது. பின்னாளைய ஜேர்மன் கமராக்கள் சிலவற்றில், சுருளைச் சுற்றாமல் மறுபடியும் பொத்தானை அழுத்த முடியாதபடி தடுக்கும் சிறு கொளுவி உண்டு. மனிதரின் மறதியை நன்கறிந்தவர்கள் செய்த உறுப்பு அது.

இவை யாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தவை, அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் 1914 இல் அறிமுகப்படுத்திய 'ஓட்டோகிராபிக்' கமராக்களின் பின்புறத்துச் சின்னஞ்சிறு கதவும், அதனோடு வரும் உலோக ஊசியும் ஆகும். ஹென்றி கைஸ்மன் என்பவரின் கண்டுபிடிப்பு அது. அதன் உரிமைக்காக நிறுவனம் அவருக்கு 3 இலட்சம் டொலர் கொடுத்தது. அந்த ஊசியை இன்று காண்போர் அது எதற்கென்று அறியாது விழிப்பர். அது எழுத்தாணி, நேயர்களே!

பிலிமுக்கும் பின்காகிதத்துக்கும் நடுவே காபன் தாள் போன்ற மெல்லிய கரிய தாள் ஒன்று இருந்தது. படம் எடுத்தவுடன் கதவைத் திறந்து, காகிதத்தின்மேல் அந்த ஊசியால் அழுத்தி எழுதுவர். அழுத்திய இடத்தில் கரிய தாள் ஒளியை உள்ளே விடும். கதவைத் திறந்தபடியே சில வினாடிகள் வானத்து ஒளிக்குக் காட்டி, பின்னர் மூடுவர். பிலிமைக் கழுவும்போது, இரு படங்களுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வெளியில் அவ்வெழுத்துத் தோன்றும். ஓலையிற் கீறிய எழுத்து மை பூசியபின் துலங்குவது போல, இங்கே எழுத்து ஒளியினால் துலங்கிற்று.

1915 முதல் 1926 வரை விற்பனையான 'வெஸ்ட் பொக்கெற்' ஓட்டோகிராபிக் கமரா சட்டைப் பையில் அடங்குவது. அதனைப் போர்வீரரின் கமரா என்றே விளம்பரம் செய்தனர். முதலாம் உலகப் போரில், மேற்குப் போர்முனையிலிருந்த வீரர்கள் சொந்தக் கமரா வைத்திருப்பதைப் பிரித்தானிய இராணுவம் தடைசெய்தது. தடையை மீறியும் சிலர் கொண்டுசென்றனர். நாளை இருப்போமா என்று அறியாத ஒருவன் தன் தோழனைப் படம் பிடிக்கிறான். அத்தோழனின் பெயரும் அந்த நாளும் படத்தோடு சேர்ந்தே நிற்க வேண்டும் என்று அவன் விரும்புவது இயல்பன்றோ?

ஆயினும் இவ்வசதி நிலைக்கவில்லை. 1932 இல் அப்பிலிமின் உற்பத்தி நின்றது. இன்றைய சுருள்களிற் கரிய தாள் இல்லை; கதவைத் திறந்து எழுதினாலும் எழுத்துப் பதியாது. அத்தகைய கமரா எவரிடமேனும் இருந்தால், ஒளி கசியாதபடி அக்கதவை இறுக மூடி வைத்தலே நன்று.

ஆனால் அக்கதவு எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தேவை நம்மிடம் அப்படியே இருக்கின்றது. நம் வீடுகளிலுள்ள பழைய படங்களில், இன்னார் என்று சொல்ல ஆளில்லாத முகங்கள் எத்தனை! இடம்பெயர்ந்தபோது துணிமணிகளை விட்டுவிட்டுக் கையோடு எடுத்துச் சென்ற படங்களும் அவற்றுள் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.